கேரியர் இல்லாத வண்டி

ஒடுகத்தூரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில்
தார் தீர்ந்துபோகிறது.
கறுப்பு நின்று சிவப்பு தொடங்குகிறது, அவ்வளவுதான்.
டயரில் பாதிக் காற்றை இறக்கிவிட்டான் தன்வீர்.
"கல்லுக்கு மெத்துன்னு இருக்கணும்."
ஆம்பூரில் ஷூவுக்கு அடி ஒட்டுகிறவன்
சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

அப்புறம் ஜல்லிதான் பேசியது.
ஏற்றத்தில் நறநறவென்று பல்லைக் கடித்தது,
இறக்கத்தில் உளறியது,
வேங்கைச் சருகு மூடிய இடத்தில் மட்டும்
வாயே திறக்கவில்லை.
அங்கேதான் எனக்குப் பயம்.

ஆறு நாளும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று
அடுத்தவர் எலும்பைப் பார்க்கிறவள் நான்.
மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க என்று
காலையிலிருந்து மாலை வரை சொல்கிறவள்.
மூன்றாவது வளைவில் எனக்கே சொல்லிக்கொண்டேன்.
இழு.
பிடி.
விடுவதற்குள் இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தேன்.

மேடு முடிந்தது என்று நம்பவைத்து
இன்னொரு மேட்டை எடுத்துக் காட்டும் காடு.
மூங்கில் புதர், கடுக்காய் மரம்,
சந்தனம் நின்றிருந்த இடத்தில்
வெள்ளைப் பெயின்ட் எண்ணோடு ஓர் அடிக்கட்டை.
யானைத் தடமா என்று குனிந்து பார்த்தோம்,
லாரித் தடம்.
"இதுக்கு மட்டும் தார் போட்டுடக் கூடாது, கடவுளே"
என்றேன் சத்தமாக.
தன்வீர் ஆமீன் சொன்னான்.

அடுத்த திருப்பத்தில் சாமை மூட்டைமேல்
உட்கார்ந்திருந்தாள் சடைச்சி.
(பெயரைப் பிறகுதான் கேட்டேன்.)
என் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தாள்.
"கேரியர் எங்க?"
இல்லை என்றேன்.
"இன்னா வெல?"
ஒரு சைபரை முழுங்கிவிட்டு
பன்னெண்டாயிரம் என்றான் தன்வீர்.
"பன்னெண்டாயிரம் குடுத்து
கேரியர் இல்லாம வாங்கினியா?"
கோபமில்லை அவளுக்கு,
என்னைப் பெற்றவர்களுக்காக வருத்தப்பட்டாள்.

மாற்று ட்யூபை எடுத்து
ஹேண்டிலுக்கும் சீட்டுக்கும் நடுவே
மூட்டையைக் கட்டினோம்.
இரண்டு மைல் நடை. மிதிக்க முடியாது,
மூட்டைக்குக் கால் கிடையாது என்பதால்
எங்கள் முழங்காலைத்தான் அது இடித்தது.
நடக்க நடக்கச் சொல்லிவந்தாள்:
அளக்கிறவர்கள் மூன்று முறை வந்தார்களாம்,
சிவப்புக்கொடி நட்டார்களாம்,
கொடித்துணி இப்போது
யார் வீட்டு ஆட்டுக் கழுத்திலோ இருக்கிறதாம்.
போன ஆனியில் பலாமரத்திலிருந்து விழுந்த மகனை
நாலுபேர் கம்பளியில் தூக்கி இறக்கினார்களாம்
இதே கல்லில்.
"கல்லு ஒண்ணொண்ணுக்கும் கத்தினான்."

கோணலாகக் கூடிய எலும்பு எனக்குத் தெரியும்.
படத்தில் அது வெள்ளையாக, அழகாகக்கூட இருக்கும்.
எந்த வழியாக வந்தது என்று
எந்தப் படத்திலும் விழுந்ததில்லை.

நெல்லிமடுவில் மூட்டையை இறக்கினோம்.
களி கொடுத்தாள், உப்பு அதிகம், இரண்டு உருண்டை தின்றேன்.
மகன் வாசல்வரை நொண்டி வந்து
பிரேக்கை அழுத்திப் பார்த்தான்.
"டிஸ்க்கா?" என்றான்.
ஆமாம் என்றேன், அதற்கு மேல் பேசத் தெரியவில்லை.

திரும்பும்போது எல்லாம் இறக்கம்.
நியாயமாக அந்த நாளின் பெரிய சந்தோஷம்
அதுவாக இருந்திருக்க வேண்டும்.
இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.
கல் தெறித்தது, காற்று சட்டைக்குள் புகுந்தது,
கத்தினேன்கூட. கத்தியபோது
அவன் எந்தக் கல்லில் கத்தியிருப்பான் என்று
ஒரு நொடி பிரேக் பிடித்தேன்,
பின்சக்கரம் வழுக்கியது.

சத்துவாச்சாரியில் வண்டியைக் கழுவினேன்.
செயினுக்குள்ளிருந்து நாலைந்து சாமை மணிகள்,
கிரீஸ் பூசிக் கறுத்தவை, வெளியே வந்தன.
மறுநாள் டூட்டி முடிந்து கடைக்குப் போய்
கேரியர் என்ன விலை என்றேன்.
கடைக்காரர் சட்டத்தைத் தடவித் தடவிப் பார்த்தார்.
"பூட்ட மாட்டலாம்னு பாத்தா,
இதுல துளையே வெக்கலீங்களே."