மழையில் கரையாத மை

தமுக்கம் கண்காட்சியில் வாங்கியது.
நாற்பது ரூபாய். எலுமிச்சை அளவு,
இல்லை, அதைவிடச் சின்னது, நெல்லிக்காய்.
தொட்டியில் செருகியிருந்த பெயர்ச்சீட்டை
முந்தின நாள் மழை கரைத்துவிட்டிருந்தது.
"என்ன கள்ளி இது?"
"கள்ளிதான்க்கா" என்றான் விற்றவன்
மீதிச் சில்லறையை எண்ணியபடி.

பெரியாஸ்பத்திரியில்
ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன்.
பெயரில்லாத குழாய் வந்தால்
திருப்பி அனுப்புவது என் வேலை.
பதினாறு வருஷமாக அனுப்புகிறேன்.
ஒருமுறை வார்டுப் பையன் அழுதேவிட்டான்,
மூன்றாம் மாடி, லிஃப்ட் வேறு ஓடவில்லை.
அப்படிப்பட்டவள்
பெயரில்லாத ஒன்றை மடியில் வைத்து
புதூர் வரை பஸ்ஸில்
நின்றவர்கள் இடிக்காமல் கொண்டுவந்தேன்.

கீழ்வீட்டு ஜெஸிந்தா
சப்பாத்திக்கள்ளி என்றாள்.
இந்த உருண்டையில் சப்பாத்தி எங்கே?
என் வீட்டுக்காரர் ஒரு தடவை பார்த்து
"முள்" என்றார்.
அதில் பிழை சொல்ல முடியாது.

தாவரவியல் நடத்துகிற சகாயமேரி மட்டும்
கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தாள்.
முள் எங்கே முளைக்கிறது பார்,
வெறும் தோலிலா, பஞ்சுத் திட்டிலா?
பஞ்சு இருந்தது,
தையல் பிரித்த துளை அளவுக்கு வெள்ளை.
சரி, ஒரு குத்துக் குத்திப் பார்.
பால் வந்தால் நம்மூர்க் கள்ளி,
தண்ணீர் வந்தால் கடல் தாண்டி வந்தது.
பால் என்று அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள்.
உசிலம்பட்டிக்கு மேற்கே, எங்கள் பக்கம்,
கள்ளியோடு சேர்த்து அதை
யாரும் சாதாரணமாகச் சொல்வதில்லை.

நாளுக்கு நூற்றிருபது பேரைக் குத்துகிற கை
ஒரு வாரம் தள்ளிப்போட்டது.
ஞாயிற்றுக்கிழமை
மண்ணை ஒட்டி, அடிப்பக்கம்,
"லேசா வலிக்கும்" என்று
பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது.
ஒரு துளி.
தெளிந்த நீர்.
பஞ்சால் ஒற்றினேன்.
மடக்கிப் பிடி என்று சொல்ல
முழங்கை இல்லை.

அவ்வளவுதான் இப்போது தெரியும் என்றாள் சகாயமேரி.
இளசில் எல்லாம் குமிழ் குமிழாகத்தான் இருக்கும்.
குமிழ்கள் கைகோத்து வரி விழுந்தால் ஒரு இனம்,
விழாவிட்டால் வேறு.
வரிக்கு ஐந்தாறு வருஷம்.
பூவுக்கு? சிரித்தாள்.
எனக்கு ஓய்வு பெறப் பதினொன்று இருக்கிறது.

அந்த ஆவணியில்
பெரியார் நிலையத்தில் விழுந்துகிடந்தவரின் ரத்தம் வந்தது.
குழாயில் எழுதியிருந்தது:
பெயர் தெரியாதவர், ஆண், சுமார் ஐம்பது.
இதைத் திருப்பி அனுப்ப விதி இல்லை.
பி நெகட்டிவ். சர்க்கரை முந்நூற்றுப் பத்து. யூரியா கூடுதல்.
ஒன்பது நாள்,
தினமும் ஒன்று கூடுதலாக அவரைத் தெரிந்தது.
பத்தாம் நாள் குழாய் வரவில்லை.
யாராவது தேடி வந்தார்களோ என்னவோ.
வார்டுக்குப் போய்
நான் கேட்கவில்லை.

சித்திரையில் இருபத்தாறு மில்லிமீட்டர்.
அழகர் ஆற்றில் இறங்கி, மலைக்குத் திரும்பி,
மறுபடி இறங்க வந்தபோது முப்பத்தொன்று.
ஒரு அரிசி நீளம்.
மகன் இதற்குள் என் தோளைத் தாண்டிவிட்டான்,
அவனுடைய ஸ்கேலில்தான் அளக்கிறேன்.

வெயிலுக்கு மொட்டைமாடியில் வைப்பேன்.
அங்கிருந்து யானைமலை தெரியும்,
துதிக்கை நீட்டிப் படுத்தபடி.
மறுபக்கம் போய்ப் பார்த்திருக்கிறேன்,
எனக்கு வெறும் பாறையாகத்தான் தெரிந்தது.
டீக்கடையில் கேட்டேன், என்ன மலை இது?
யானைமலை என்றார்
நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

நேற்று உச்சியில் புது முள்.
சிவப்பு. விரல் வைத்தால் வளைகிறது,
இன்னும் குத்தப் பழகவில்லை.
பிளாஸ்டர் ஒரு துண்டு கிழித்துத்
தொட்டியில் ஒட்டினேன்.
தேதி. அளவு. பால்: இல்லை.
மேலே ஒரு வரி காலி.
ஆஸ்பத்திரிப் பேனா,
மழையில் கரையாது.