வால் தெரியாத படம்

நான்கு மூடிகள்: சாம்பல், பச்சை, மஞ்சள், ஊதா.
ஒவ்வொன்றிலும் ஒரு மில்லி ரத்தம்.
பத்து முறை குலுக்கி
முப்பத்தேழு டிகிரிப் பெட்டிக்குள் நிறுத்துகிறேன்.
ஃபகாகீல் தெருவில்
இரவு ஒன்பதுக்கும் நாற்பத்தொன்று.
ஏசியை விட்டால்
ஆகஸ்டில் இந்த ஊரின் அடுத்த குளிர்ச்சி
எங்கள் அடுப்புதான்.

பச்சைக்குள் காசக்கிருமி இல்லை,
அதன் சட்டைக் கிழிசல் மட்டும்.
முன்பே பழகிய ரத்தமானால்
வாசனை கண்டுகொள்ளும்,
விடிவதற்குள் ஒரு சொல்லைக் கசியவிடும்.
இன்டர்ஃபெரான் காமா.
அதை அளக்கத்தான் எனக்குச் சம்பளம்.
ஒன்பது வருடமாய் அளக்கிறேன்,
முகம் பார்த்ததில்லை.

நேற்று ஹிஷாம் தொழப் போன நேரத்தில்
கணினியில் அதன் படத்தைத் திறந்தேன்.
நூற்று நாற்பத்து மூன்று மணி கோத்த சரம்.
ஆறு சுருள்.
பக்கத்திலேயே அதைப் போல இன்னொன்று.

எலியில் விரலை வைத்துத் திருப்பினேன்.
அட, இது
மங்காஃப் கேம்பில் ஒற்றைக் கட்டிலில் இரண்டு பேர்
தலைமாடு கால்மாடு மாற்றிப் படுத்திருப்பது.
ஒருவன் முழங்கால் மடிப்பில்
மற்றவன் தோள்.
கந்தகப் பாலம் இல்லை, ஆணி இல்லை,
நெருக்கம்தான் பிடிமானம்.
ஒருவனை எழுப்பி வெளியே அனுப்பினால்
மீதியிருப்பவனுக்குத் தன் உருவமே நிற்காது.

இரண்டு பேரும் சேர்ந்து
ஒரு செல்லின் கதவை இருபுறமும் தட்டுகிறார்கள்.
உள்ளே கிருமியை விழுங்கிவிட்டு
கொல்லத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் செல்.
"ம், முடி" என்கிறார்கள்.
அவ்வளவுதான் அந்தச் சொல்.

சரத்தின் கடைசி இருபது மணி போல
படத்தில் இல்லை.
பிழையோ என்று பெரிதாக்கினேன். இல்லை.
அந்த வால் ஆடிக்கொண்டே இருக்கிறதாம்.
படிகத்துக்குள் அடுக்கி எக்ஸ்ரே பாய்ச்சினாலும்
அசைவதை அது எழுதாது.
ஆனால் வாலை நறுக்கிவிட்டால்
தட்டுகிற கைக்குப் பலமில்லை.

*

4471, ராயப்பன். சாரம் கட்டும் வேலை.
ஊசி ஏற்றும்போது அவராகவே சொன்னார்:
"எக்ஸ்ரேயில மூச்சப் பிடின்னாங்க சிஸ்டர்.
விடுன்னு சொல்ல மறந்துட்டாங்க."
தூத்துக்குடியில் சங்கு குளித்தவர்.
பிடித்தபடியே நின்றிருக்கிறார்.
படம் எடுப்பவன்தான் பயந்துபோய்க் கத்தினானாம்.

அவர் நெஞ்சுப் படம் சுத்தம்.

காலையில் அவர் குழிக்குள் நீலம் ஏறியது.
அமிலம் விட்டேன்.
நீலம் மஞ்சளானது.
எலுமிச்சை இல்லை, மஞ்சள்காமாலைக் கண்ணின் மஞ்சள்.
ராயப்பன் உடம்பு ஏதோ ஒரு வருடத்தில்,
ஏதோ ஒரு பஸ்ஸில், ஏதோ ஒரு இருமலைச் சந்தித்து
வென்றோ, பூட்டியோ வைத்திருக்கிறது.
நோய் என்பதல்ல இதற்கு அர்த்தம்.
ஞாபகம் என்பதே அர்த்தம்.
படிவத்தில் ஞாபகத்துக்குக் கட்டம் கிடையாது.
ஆம், இல்லை: இரண்டே கட்டம்.

நான் எண்ணை எழுதினேன்.
முத்திரை வேறு மாடி, வேறு கை.
"பாஸா சிஸ்டர்?" என்று
வரிசையிலிருந்து உதட்டை மட்டும் அசைத்தார்.
எனக்குத் தெரியாது என்று தலையாட்டினேன்.
அது உண்மையும்கூட.

*

ஒன்று சொல்லவில்லை.

தாம்பரத்தில் மூன்று வருடம்
காசநோய் வார்டில் சளி டப்பா சுமந்தவள் நான்.
போன ரமலானில், ஆளில்லாத ஒரு இரவில்,
தட்டில் ஒரு குழி மிச்சம் இருந்தது.
பெயர் ஒட்டாத குழாயில்
என் கையிலிருந்தே எடுத்தேன்.

நீலம். பிறகு மஞ்சள்.

கருவி எண்ணைக் கேட்குமுன்
தட்டைச் சிவப்புப் பைக்குள் போட்டேன்.
சோப்பு போட்டு முழங்கைவரை கழுவினேன்.
அடுத்த நாளும் வேலைக்கு வந்தேன்,
இதோ, இன்றும்.

உள்ளே எங்கேயோ அந்த இருவர்
தலைமாடு கால்மாடு மாற்றிப் படுத்தபடி
யார் கதவையோ தட்டிக்கொண்டிருக்கிறார்கள்.
வால் ஆடுகிறது.
எந்தப் படத்திலும் விழாமல்.