பீட்கிழங்கு வயலுக்கு அப்பால்

காலை ஆறு மணிக்குக் கொட்டகையில்
இறக்கையின் வேரில் சிவப்புச் சாயம் பூசினேன்.
இருபது நிமிடம் ஊறவிட்டுத் துடைத்து
மேலே வெள்ளைப் பொடி தூவினேன்.
விரிசல் இருந்தால்
வெள்ளையில் சிவப்பாய் ஒரு மயிரிழை கசியும்.
கசியவில்லை.

கையெழுத்திட்டேன்:
வீட்ஸ்கே பாங்மா, பரிசோதகர்.
பறக்கத் தகுதியுடையது என்ற கட்டத்தில் ஒரு குறி.
எங்கே, யார் தலைக்கு மேலே என்று கேட்க
படிவத்தில் கட்டம் இல்லை.

நாற்பத்து மூன்றில் இந்த அலுமினியத்தை வளைத்தவர்கள்
அறுநூறு மணி நேரம் தாங்கினால் போதும் என்று வளைத்தார்கள்.
அதற்குள் எவனாவது சுட்டு வீழ்த்திவிடுவான்
என்பது அவர்கள் கணக்கு.
வீழாமல் மிஞ்சியதைத்தான்
எண்பது வருடமாய்ச் செலவழிக்கிறோம்.

ஓட்டுபவர் டௌவே. வார நாட்களில் பல் மருத்துவர்.
"பறக்காத விமானம் வெறும் தகரம், வீட்ஸ்கே.
இந்தச் சத்தத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க முடியுமா?"
முடியாது.
முதலில் நெஞ்செலும்புக்குக் கேட்டு
அப்புறம்தான் அது காதுக்கு வரும்.
எனக்கும் பிடிக்கும். அதுதான் சிக்கல்.
பிடிக்காமல் இருந்தால் எப்போதோ
பேனாவை மூடிவைத்திருப்பேன்.

டௌவே தன் உயிரைத் தெரிந்தே மேலே கொண்டுபோகிறார்.
அது அவர் பாடு, கொஞ்சம் அவர் மனைவியின் பாடு.
டிக்கெட் வாங்கியவர்கள்
பின்பக்கப் பொடி எழுத்தைப் படிக்காமலே சம்மதித்தவர்கள்.
அவர்களுக்காகப் புல்லில் வெள்ளைக் கோடு கிழித்திருக்கிறோம்,
விமானம் அதைத் தாண்டி உள்ளே வராது.
அந்தப் பக்க வானம் எங்களுடையது.

அந்தப் பக்க வானத்துக்குக் கீழே பீட்கிழங்கு வயல்.
வயலுக்கு அப்பால், கரைமேல், சைக்கிள் பாதை.
இரண்டேகாலுக்கு டௌவே வளையம் போட ஏறியபோது
ஒரு பெண், பின்கூடையில் தொட்டிச்செடியோடு,
எதிர்காற்றில் குனிந்து மிதித்துக்கொண்டிருந்தாள்.
எந்தப் பொடி எழுத்தும் அவளிடம் இல்லை.

உச்சியில், தலைகீழாய்,
இன்ஜின் இருமியது.

ஒரே ஒரு இருமல்.
கூட்டம் அதையும் வித்தை என்று கைதட்டியது.
அறிவிப்பாளர் தன் நகைச்சுவையை முடித்தார்.
என் பைனாகுலர் விமானத்தை விட்டு
எப்போது கீழே இறங்கியது என்று தெரியவில்லை;
அதில் இருந்தது தொட்டிச்செடி.
காற்றில் ஒருபக்கமாய்ச் சாய்ந்த ஏதோ ஒரு வெள்ளைப்பூ.

பிறகு சத்தம் சீரானது. சக்கரம் புல்லைத் தொட்டது.
ஒன்றும் நடக்கவில்லை.
ஒன்றும் நடக்காத நாளை எந்தக் கோப்பில் வைப்பது?

சாயங்காலம் எரிபொருள் வடிகட்டியைக் கழற்றினேன்.
கடுகில் கால்வாசி துரு.
நகக்கண்ணில் ஏந்திக் காட்டினேன்.
"இவ்வளவுதானா!" டௌவே சிரித்தார்,
சிரிப்பைப் பாதியில் நிறுத்தினார்,
போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்,
வெகுநேரம் கழுவியிருக்க வேண்டும்.

கடல்மேல் பறக்கலாமே என்றேன் கூட்டத்தில்.
கடலுக்கு யார் டிக்கெட் வாங்குவார்கள் என்றார் பொருளாளர்.
வளையம் வேண்டாம், தாழ வேண்டாம், நேராக ஒருமுறை?
"பேருந்துகூடத்தான் நேராகப் போகிறது."
எல்லோரும் சிரித்தோம். நானும்.

அடுத்த சனிக்கிழமைக்கான படிவம் பையில்.
இன்று காரை விட்டுவிட்டுக் கரைப்பாதை வழியே மிதித்தேன்.
நீர்க்கோழிகள். எதிர்காற்று. மாட்டுச் சாணம்.
நடுவழியில் காலை ஊன்றித் திரும்பிப் பார்த்தேன்:
கொட்டகை தெரிந்தது, காற்றுப்பை தெரிந்தது,
கொடிகள்கூடத் தெரிந்தன.

இங்கிருந்து பார்த்தால்
வெள்ளைக் கோடு தெரியவில்லை.