ஆயிரம் மீற்றருக்கு மேல்

மாலைச் செய்தியின் கடைசியில்
வானிலை சொல்லும் பெண் கையை அசைக்கிறாள்.
ஜூரா மலைகள் அவள் முழங்கைக்குள் மறைகின்றன.
இன்றிரவு இலேசான பனி, என்கிறாள்,
ஆயிரம் மீற்றருக்கு மேல். கீழே மழை.
வடகிழக்கிலிருந்து காற்று,
இடையிடையே மணிக்கு எழுபது கிலோமீற்றர்.
பிறகு சிரிக்கிறாள்,
யாருக்கோ பெண் பிறந்ததைச் சொன்ன மாதிரி.

லா ஷோ-து-ஃபோன்
ஆயிரத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கிற ஊர்.
ரயிலடி கொஞ்சம் குறைவு, மேட்டுத் தெருக்கள் கொஞ்சம் கூட.
எங்கள் தெரு எந்தப் பக்கம் என்று
எனக்கும் மேலாளர் துரோவுக்கும் பதினொரு வருட வழக்கு.
நாங்கள் இருப்பதோ நான்காம் மாடி.
அவள் சொன்ன கோடு
எங்கள் குசினி யன்னலுக்குக் குறுக்கே ஓடுகிறது:
கழுவுகிற தொட்டிக்குக் கீழே மழை,
மிளகாய்த்தூள் போத்தலுக்கு மேலே பனி.

இந்தக் கிழமை என் முறை.
கூப்பிட்டால் இருபது நிமிடத்தில்
நகரசபைக் கொட்டிலில் நிற்கவேண்டும்.
நடைபாதை வழிக்கிற சின்ன வண்டி என்னுடையது.
மஞ்சள். இடது கதவு உதைத்தால்தான் திறக்கும்.
கூப்பிடாவிட்டாலும் இரவுக்கு முப்பத்தெட்டு பிராங்க்,
தூங்காமல் படுத்திருப்பதற்குக் கூலி
என்று கணக்குச் சொல்கிறான் ஆரூரன்.
அவனுக்கு இலேசான பனி வேண்டாம்.
பள்ளிக்கூடத்தை மூடுகிற பனி வேண்டும்.

எட்டு மணிக்கே காற்று வந்துவிட்டது.
இங்கே அதற்குப் பெயர் பீஸ்.
கன்னத்தில் கொடுக்கிற முத்தத்துக்கும் அதே சொல்.
முதல் வருடம் துரோ, கொட்டில் வாசலில்,
"இன்றைக்கு நல்ல பீஸ்" என்றபோது
நான் இரண்டடி பின்னால் போனேன்.
இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

வாடைக்கு எங்கள் பழைய பாட்டுகளில் எத்தனை ஏச்சு,
பிரிந்திருப்பவளை வருத்துகிறதாம்.
இது அப்படிப் பார்க்காது.
பக்கத்தில் கமலரூபன் குறட்டை விடுகிறார்,
எனக்குக் கால் விறைக்கிறது.

கைபேசியை எவர்சில்வர் தட்டில் வைத்திருக்கிறேன்.
அதிர்ந்தால் வீடே எழும்பும்.

மூன்று பத்து.
தெருவிளக்கடியில் பனி விழவில்லை, போகிறது,
நிலத்துக்குச் சமாந்தரமாக,
எங்களைத் தாண்டி வேறு யாருடைய நடைபாதைக்கோ.
துரோவும் இப்போது காலுறையோடு வாசலில் நின்று
உள்ளங்கையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்.
உப்பு விலை. ஆட்கூலி. டீசல்.
ஒரு வார்த்தைக்காகத்தான் இருவரும் முழித்திருக்கிறோம்:
இலேசான.
அதை நிறுக்கத் தராசு இல்லை.

நாலரைக்குப் பத்திரிகைக்காரர் தெக்லே.
அவர் வைத்த காலடி கறுப்பாகவே கிடக்கிறது.
பதினேழாம் இலக்கத்துக்குள் போய்த் திரும்பி வருகிறார்,
அப்போதும் கறுப்பு.
ஒரு செருப்புத்தோல் கனம்கூட இல்லை, நினைக்கிறேன்,
துரோ, நீ வென்றாய், படு.

எங்கள் வாசற்படியில் அவர் கால் போனது.
விழவில்லை. கம்பியைப் பிடித்துவிட்டார்.
பத்திரிகைகளைக் காற்று பிடித்துக்கொண்டது.

சட்டைக்கு மேல் கோட்டு,
கையில் சமையல் உப்பு, உடைக்காத ஒரு கிலோ.
நாலு மாடியும் எத்தனை படி என்று
அன்றுதான் எண்ணாமல் இறங்கினேன்.

வாசலில் விழுந்தது மழையுமில்லை, பனியுமில்லை.
இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தன.
கோழிக்குத் தவிடு போடுகிற மாதிரி
படி படியாக உப்பைத் தூவினேன்.
தெக்லே சைக்கிள் சக்கரத்திலிருந்து
ஒரு பக்கத்தை உருவி எடுத்து நீட்டினார்,
ஈரத்தில் எழுத்து ஊறிப்போய்:
இலேசான பனி.
"இலேசுதான்," என்றார், முழங்காலைத் தடவியபடி.

அப்போதுதான் மேலே தட்டு அலறியது.
நாலு மாடிக்குக் கீழேயும் கேட்டது எவர்சில்வர்.
ஒவ்வொரு யன்னலாக வெளிச்சம்.
கடைசி யன்னல் திறந்து, காற்றுக்கு மேலாக,
ஆரூரன்:

"அம்மா, துரோ!
மூடுவார்களாமா என்று கேளுங்கோ!"