வரிசை சொல்பவன்

காலையில் கத்திகளை எண்ணிக் கொடுப்பார்
வேலூர் ஜெயிலின் கம்பளக் கொட்டடியில்
வார்டர் எத்திராஜுலு. பன்னிரண்டு.
முடிச்சு நுனியை வெட்டுவதற்கு மேல்
எதற்கும் உதவாத சுண்டுவிரல் கத்திகள்.
எனக்குக் கத்தி இல்லை. தாள்.
கட்டம் போட்டுப் புள்ளி வைத்த தாளில்
பாரசீகத் தோட்டம் ஒன்று மடங்கிக் கிடந்தது.

நான் சொல்வேன், அவர்கள் போடுவார்கள்.
சிவப்பு ரெண்டு. நீலம் அஞ்சு. சிவப்பு ஒண்ணு.
ஒரே சொல்லுக்கு இரண்டு ஓரத்திலிருந்தும்
நடுவை நோக்கி விரல்கள் வரும்.
மஞ்சிட்டியில் வெந்த சிவப்பு.
அவுரித் தொட்டியிலிருந்து பச்சையாக எழுந்து
காற்றுப் பட்டதும் மனம் மாறுகிற நீலம்.
வரிசை முடிந்தால் ஊடு ஓட்டி
இரும்புச் சீப்பால் ஓங்கி ஓர் அடி.

அந்த ஊர் மரங்கள் எங்களுக்குப் பழக்கமில்லை.
ஊசியாய் நின்றதைச் சவுக்கு என்றான் முனிரத்தினம்.
நுனி வளைந்த இலை மாங்காய் ஆனது.
வாய்க்கால் நாலிலும் தண்ணீர்.
பாலாற்றை மணலாகவே பார்த்தவர்கள்
அலையை முடிச்சு முடிச்சாக இறுக்கினோம்.

ஒரு மனு நாளில்
வாசலில் பேர் கூப்பிட்டார்கள்.
என் பேர் மாதிரி இருந்தது.
தாளில்: கறுப்பு ஒண்ணு, வெள்ளை மூணு.
வாயில்: வெள்ளை மூணு, கறுப்பு ஒண்ணு.
என் பேர் இல்லை.

நாற்பது வரிசை ஏறிய பிறகு
தோல் ஷாப்பில் இருந்த பேரணாம்பட்டு கவுஸ்
எட்டி நின்று பார்த்துச் சொன்னான்:
"பறவைக்குக் கண்ணு பிடரியில இருக்குடா."
முன்னே பார்க்க வேண்டியவை
இரண்டு கிளையிலும் திரும்பிப் பார்த்தன.

அவிழ்த்தால் பதினோரு நாள் வேலை, அப்புறம் விசாரணை.
"மேல ரெண்டு பறவை பாக்கி. அதுக்கும் இப்படியே சொல்லு."

தெரிந்தே தப்பாகச் சொல்ல
எவ்வளவு கவனம் வேண்டியிருந்தது!
வெள்ளை மூணு.
நாக்கு உலர்ந்தது.
கறுப்பு ஒண்ணு.

சென்னையிலிருந்து வந்த ஏஜெண்டு
அங்குலத்துக்கு முடிச்சு எண்ணினார்,
பறவைகளைத் தடவிப் பார்த்தார்.
பழைய பாணி, தப்ரீஸ் பக்கத்து வழக்கு என்றார்.
கவுஸ் என் காலை மிதித்தான்.
நாலு மூலையிலும் செய்தால் அது வழக்கு.
ஒரே தடவை செய்துவிட்டு வந்தவர்கள்
தறிக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்திருந்தோம்,
எங்களுக்கும் வழக்குதான்.

ஆறு பேர் தோளில் தோட்டம் வெளியே போயிற்று.
மாலையில் எத்திராஜுலு கத்திகளை எண்ணினார்,
ஒரு தடவைக்கு இரண்டு தடவை.
மறுநாள் புதுத் தாள் விரித்தேன்.
இதில் பறவை கிடையாது.
மான், ஓடுகிற மாதிரி.