உள்மடிப்பு

போன வாரமே போன் போட்டுக் கேட்டிருந்தேன்,
"சக்கர நாற்காலி உள்ளே வருமா?"
"தாராளமா வரும்மா. வாசல்ல அஞ்சு படிதான்.
நாலு பேரை நிறுத்தி வைக்கிறேன்,
அப்படியே தூக்கிடுவாங்க."

நாலு பேர் தூக்குகிற நாள்
எனக்கும் ஒன்று இருக்கிறது.
அதற்கு நான் அளவெடுக்க வேண்டியதில்லை.
இன்று வெறும் ஞாயிற்றுக்கிழமை.
மூன்று இட்லி தின்றுவிட்டு
கழுத்தில் இஞ்ச் டேப்போடு வந்திருக்கிறேன்.

கடலூர் முதுநகரில்
உப்பனாற்றுக்கு முதுகைக் காட்டி நிற்கிறது
குவேக்கர் கூடம்.
ஊர் வைத்த பேர் பேசாக் கோயில்.
மணி கிடையாது, பாதிரியார் கிடையாது.
வருவார்கள், ஒரு மணி நேரம் சும்மா இருப்பார்கள்,
போவார்கள்.
ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்த சுகிர்தம் டீச்சர்
சொன்னதிலிருந்து ஒரே ஆசை:
என் மிஷின் ஓடாத ஒரு மணி நேரம்.

காத்தவராயன் ஆட்டோவிலிருந்து
முதலில் நாற்காலியை இறக்கினார், பிறகு என்னை.
கருங்கல் படிகள்.
நான்கு படி ஏழரை அங்குல உயரம், கடைசிப் படி ஒன்பது.
எத்தனையோ தலைமுறைக் கால்கள்
நடுவில் குழியாகத் தேய்த்து வைத்திருக்கின்றன.
சக்கரம் பட்ட தடம் ஒன்றுகூட இல்லை.

காவலாளி ஆரோன் கையைப் பிசைந்தார்.
"பழைய கட்டடம்மா,
படியில கை வைக்கக் கூடாதுன்னு ஆர்டர்."
"கை வைக்கச் சொல்லலைங்க.
கால் வைக்கச் சொல்றீங்களே, அதான் சிக்கல்."

பீடியை அணைத்துவிட்டு
கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார் காத்தவராயன்.
"பின்னாடி ஒரு சரிவு கெடக்கு. ஆத்தைப் பாத்து."
ஆரோனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது:
கூடமாகும் முன் இது கிடங்கு.
படகில் வந்த எண்ணெய்ப் பீப்பாய்களை
உருட்டி ஏற்றிய வழி.
பீப்பாய்க்குத் தோன்றியிருக்கிறது யாருக்கோ.

தானே புயலுக்குப் பிறகு திறக்காத பூட்டு.
தேங்காயெண்ணெய் விட்டு, கல்லால் தட்டி,
உள்ளே அடுக்கியிருந்த நிவாரணப் பாய்க்கட்டுகளை நகர்த்தி
முக்கால் மணி நேரம்.
யாரும் தள்ளவில்லை.
என் கையாலேயே உருட்டிக்கொண்டு ஏறினேன்.

எதிரெதிரே பெஞ்சுகள்.
இடையில் பதினெட்டு அங்குலம்.
நடைவழியிலேயே நின்றுகொண்டேன்,
பஸ் வரும்போது ரோட்டில் படுத்த மாடு மாதிரி.

மௌனம் என்றால்
மின்விசிறி, படகு மோட்டார்,
யாருடைய வயிறோ,
என் இடது சக்கரத்தின் கிறீச்.
சுவரில் ஒரு பலகை:
உள்ளம் ஏவினால் எழுந்து நின்று பேசலாம்.

ஏவியது.

உட்கார்ந்தபடியே பேசினேன்.
"முன்வாசலில் ஐந்து படி.
பின்கதவு முப்பத்தொன்பது அங்குலம். நல்ல கதவு.
ஏதாவது ஒரு பெஞ்சை மூன்றடி குறைத்தால்
நானும் வரிசையில் இருப்பேன்.
கழிவறைக் கதவு இருபத்துமூன்றரை.
என் நாற்காலி இருபத்தைந்தரை.
காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை."

ஒருவரும் திரும்பவில்லை. இங்கே அது மரியாதையாம்.
வெகுநேரம் கழித்து
எதிர்ப்பக்கம் ஒருவர் பேச எழுந்தார்.
பாதி எழுந்த முழங்கால் என்ன நினைத்ததோ,
மறுபடி மடங்கியது.
உட்கார்ந்தே பேசினார்.
என்ன சொன்னார் என்பது மறந்துவிட்டது.

வெளியே வந்ததும்
ஆரோன் காலண்டர் தாளின் பின்பக்கம்
என் எண்களைத் திரும்பக் கேட்டு எழுதிக்கொண்டார்.
சுகிர்தம் டீச்சர், "கமிட்டியில வைக்கிறோம்" என்றார்.
பின்கதவுச் சாவி இனி ஆணியில் தொங்குமாம்.

துணி என்றால்
உள்மடிப்பில் இரண்டு அங்குலம் விட்டுத்தான் தைப்பேன்.
உடம்பு இப்படியே இருக்காது,
பிரித்துவிடக் கேட்டு வருவார்கள்.
சுவர் வைத்தவர் அப்படி எதுவும் விடவில்லை.

மடியில் பாட்டில் நிறையத் தண்ணீர்.
எங்கள் தெரு முனை திரும்பியதும்
மூடியைத் திறந்தேன்.