கடன் வாங்கிக் கழித்தல்

ஐப்பசி முழுக்க
குலசேகரம் மூன்றாம் வகுப்புக்கு
மூச்சுவிட நேரமில்லை.
ஏழாம் வாய்ப்பாடு பாதியில் நிற்கிறது.
'மரம்' எழுதச் சொன்னால்
அஜிஷா இன்னமும் 'மறம்' எழுதுகிறாள்.
மழையில் பால்வெட்டு நின்றுபோக
ரப்பர் தோட்டத்தில் சும்மா கிடந்த சிரட்டைகளில்
ஜன்னல் நெடுகப் பயறு முளைத்திருக்கிறது.
பெனிஷின் பயறு மட்டும்
அவன் தினமும் தோண்டிப் பார்த்ததில் செத்தது.

நேற்று
ஐம்பத்திரண்டில் இருபத்தேழு போகவில்லை.
பக்கத்து வீட்டில் கடன் வாங்கினோம்,
கழித்தோம்,
விடைக்கு அடியில் இரட்டைக் கோடும் போட்டாயிற்று.
ஸ்டெபின் கை தூக்கினான்:
"டீச்சர், வாங்கினத
எப்பம் திருப்பிக் குடுக்கணும்?"

பதினெட்டு வருடமாக நடத்துகிற கணக்கு.
யாரும் கேட்டதில்லை.

மணி அடித்தது.
தட்டோடு எல்லோரும் ஓடினார்கள்.
ஐந்தை வெட்டி நான் மேலே எழுதிய நாலை
அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.